சீசன் இல்லாத நேரத்தில் காய்கறி: சிறு விவசாயிகளைப் பழக்குவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

2021 நவம்பர் மழையில் சென்னையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. 2023 ஜூலையில் அரசே ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி விற்க வேண்டி வந்தது. இடைப்பட்ட காலத்தில் பறிப்புக் கூலிக்குக்கூட விலை கட்டாமல், காயோடு சேர்த்து உழுதுவிட்ட வயல்களையும் பார்த்திருக்கிறோம். ஒரே காய், ஒரே மண். மாறியது பறிக்கும் வாரம் மட்டும்.

அந்த வாரத்தைக் குறிவைத்துப் பயிர் செய்யக் கற்றுக்கொடுப்பதைப் பற்றியது இந்த வழிகாட்டி. தோட்டக்கலைத் துறையின் களப்பணியாளர்கள், உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்கள், ஊருக்கு நாலு பேரைச் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கும் முன்னோடி விவசாயிகள் ஆகியோருக்காக எழுதுகிறேன். எடுத்துக்காட்டுகள் ஒட்டன்சத்திரம், பழனி, உடுமலைப் பக்கத்து நிலவரத்தை ஒட்டியவை. தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் மாதங்களைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள்.

சந்தையில் ஆரம்பியுங்கள்

பெரும்பாலான பயிற்சிகள் நிழல்வலைக் குடிலுக்குள் தொடங்கும். பார்க்க நன்றாக இருக்கும், புகைப்படமும் வரும். ஆனால் பத்துச் சென்ட் வைத்திருப்பவருக்கு முதலில் தெரிய வேண்டியது எந்தக் காய்க்கு எந்த மாதம் தட்டுப்பாடு என்பதுதான். ஆகவே முதல் வகுப்பை ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் வையுங்கள். ஏலம் நடக்கும்போது விவசாயிகளை நிற்க வையுங்கள். கேரளாவுக்குச் சரக்கு ஏற்றுபவர் எந்தப் பெட்டியைத் தள்ளி வைக்கிறார், எதற்கு இரண்டு ரூபாய் கூடக் கேட்கிறார் என்று அவர்களே பார்க்கட்டும்.

ஊருக்குத் திரும்பியதும் ஒரு சார்ட்டில் பன்னிரண்டு தமிழ் மாதங்களையும் எழுதி, ஒவ்வொரு காய்க்கும் விலை ஏறிய மாதம், விழுந்த மாதம் இரண்டையும் அவர்கள் வாயாலேயே சொல்ல வையுங்கள். பிறகு தமிழக அரசின் உழவன் செயலியிலும், ஒன்றிய அரசின் சந்தை விலை இணையதளமான அக்மார்க்நெட்டிலும் உள்ள பழைய விலைகளோடு ஒப்பிடுங்கள். மூன்று வருட விலை இருந்தால் போதும். ஒரே ஒரு வருடத்தின் உச்ச விலையைக் காட்டி ஆசை ஊட்டுவது பயிற்சி ஆகாது.

விலைக்குப் பின்னால் உள்ள காரணத்தையும் சார்ட்டில் எழுதுங்கள். ஆடியில் கல்யாணம் இல்லை, தேவை குறையும். ஆவணியில் முகூர்த்தமும் ஓணமும் சேர்ந்து வரும். புரட்டாசியில் கறி சாப்பிடாத வீடுகள் அதிகம். கார்த்திகை முதல் தேதி ஐயப்பன் மாலை போடும் கூட்டம் தொடங்கும். அதே நேரம் ஐப்பசி மழையில் செடி அழுகி வரத்துக் குறைந்திருக்கும். சித்திரை, வைகாசியில் வெயிலில் பூ உதிர்வதால் ஆனி, ஆடியில் தக்காளி வரத்து சுருங்கும். இதையெல்லாம் விவசாயி ஏற்கெனவே துண்டு துண்டாக அறிந்திருப்பார். ஒரே தாளில் பார்க்கும்போதுதான் கணக்குப் பிடிபடும்.

யாரைச் சேர்ப்பது

இருபது பேருக்கு மேல் வேண்டாம். ஊர்ப் பெரிய தோட்டக்காரரை முன்னோடியாக வைத்தால், அவர் செய்வது எல்லாம் ‘அவருக்கு வசதி இருக்கு, செய்றாரு’ என்று ஒதுக்கப்பட்டுவிடும். மாதிரி வயல், குழுவில் நடுத்தரமான ஒருவருடைய நிலமாக இருக்கட்டும். சாலையோரமாக இருந்தால் போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்ப்பார்கள், அதுவும் ஒரு பாடம்தான்.

கணவன் மனைவி இருவரையும் கூப்பிடுங்கள். நாற்று நடுவது, களை எடுப்பது, பறிப்பது, தரம் பிரிப்பது எல்லாம் பெரும்பாலும் பெண்கள் கையில் இருக்கிறது. கூட்டத்துக்கு மட்டும் ஆண் வந்து, வயலில் பெண் பழைய முறையிலேயே செய்துகொண்டிருப்பது நாம் அடிக்கடி பார்க்கும் காட்சி. நூறு நாள் வேலை முடிந்து, பிள்ளைகள் பள்ளியிலிருந்து வருவதற்கு முன் உள்ள நேரத்தில் வகுப்பு வைத்தால் வருவார்கள். காலை பத்து மணிக்கு வைத்துவிட்டு, பெண்கள் வரவில்லை என்று குறை சொல்லக்கூடாது.

தண்ணீர் இல்லாதவரைக் கோடைப் பயிருக்கு இழுக்காதீர்கள். சித்திரையில் கிணற்றை இறைத்துவிட்டு, மறுபடி ஊற எத்தனை மணி நேரம் ஆகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். பத்துச் சென்ட் தக்காளி காய்க்கிற சமயத்தில் சொட்டுநீரில் செடிக்கு இரண்டு லிட்டர் வைத்தால்கூட நாளொன்றுக்கு ஏறக்குறைய 1,500 லிட்டர் வேண்டும். அது உறுதியாகக் கிடைக்குமா என்பதைக் கிணறுதான் சொல்ல வேண்டும், விவசாயியின் நம்பிக்கை அல்ல.

முதல் பயிர் தக்காளி வேண்டாம், கொத்தமல்லி

எல்லோரும் தக்காளியைத்தான் கேட்பார்கள். முருங்கை வைத்திருப்பவர்கள், மழையில் பூ உதிர்ந்து மார்கழியில் விலை எகிறும் கதையைச் சொல்லி, அதற்கு வழி கேட்பார்கள். இரண்டுமே பிறகு. முதலில் கோடைக் கொத்தமல்லி. காரணம் எளிது: நாற்பது நாளில் காசு, சின்ன இடம், கெட்டாலும் கடன் ஏறாது. பருவம் தவறிப் பயிர் செய்வதில் உள்ள மூன்று பாடங்களான நிழல், நீர், விதைக்கும் தேதி ஆகிய மூன்றையும் ஒரே பயிரில் கற்றுவிடலாம்.

ஐந்து சென்ட் போதும். சவுக்குக் கட்டை நட்டு, ஏழடி உயரத்தில் 50 சதவீத நிழல்வலையை இழுத்துக் கட்டுங்கள். கடையில் இருப்பு இருக்கிறதே என்று 75 சதவீத வலையைத் தள்ளிவிடுவார்கள். அதன் கீழ் செடி வெளிறி, நெட்டையாக, தண்டு நோஞ்சானாக வளரும். கட்டுக் கட்டினால் துவண்டு விழும். வாங்கும்போது விவசாயியையும் கூட்டிப்போய், வலையை வெயிலில் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

விதையை அப்படியே தூவினால் பாதிகூட முளைக்காது. சாக்கில் போட்டு லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்து, 12 மணி நேரம் தண்ணீரில் ஊற வைத்து, நிழலில் உலர்த்தி விதைக்க வேண்டும். உடைக்காமல், ஊறப்போடாமல் ஒரு பாத்தியும், செய்முறைப்படி ஒரு பாத்தியும் பக்கத்திலேயே போட்டுவிடுங்கள். பத்தாம் நாள் இரண்டையும் எண்ணச் சொன்னால் நீங்கள் வாய் திறக்கவே வேண்டாம். ரகத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ (சிஆர்) 4 கீரைக்கு ஏற்றது. காலையும் மாலையும் லேசான நீர், மேகமூட்டமான நாட்களில் வலையைச் சுருட்டி விடுவது, 35 முதல் 40 நாளில் வேரோடு பிடுங்கிக் கட்டுவது. அவ்வளவுதான்.

ஐந்து சென்ட்டையும் ஒரே நாளில் விதைக்க விடாதீர்கள். வாரம் ஒரு பாத்தி. உழவர் சந்தைக்கு வாரம் முழுவதும் கொண்டுபோகக் கட்டு இருந்தால்தான் வாடிக்கை பிடிக்கும்.

அடுத்தது மழைக்காலத் தக்காளி: தேதியைப் பின்னாலிருந்து எண்ணுதல்

கார்த்திகை முதல் வாரம் முதல் பறிப்பு வேண்டும் என்று வைத்துக்கொள்வோம், அதாவது நவம்பர் மூன்றாம் வாரம். நட்டதிலிருந்து முதல் பறிப்புக்கு 65 முதல் 70 நாள். எனவே நடவு செப்டம்பர் 10 வாக்கில். நாற்றுக்கு 25 நாள். விதைப்பு ஆகஸ்ட் 15. இந்தக் கணக்கை நீங்கள் கரும்பலகையில் போடாதீர்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு நாள்காட்டியைக் கொடுத்து, பறிக்கும் தேதியிலிருந்து அவர்களே பின்னால் எண்ணிக் குறிக்கட்டும். தேதியைத் தானே குறித்தவர் விதைப்பைப் பத்து நாள் தள்ளிப்போடுவதில்லை.

இந்தக் கணக்கில் வில்லங்கம் எங்கே? அக்டோபர் மூன்றாம் வாரம் வடகிழக்குப் பருவமழை பிடிக்கும்போது செடி நாற்பது நாள் வயதில் பூவும் பிஞ்சுமாக இருக்கும். இந்த மழையில் செடியைக் காப்பாற்றுவதுதான் மொத்த வித்தையும். வரப்போகும் நல்ல விலை, இந்த மழையில் மற்றவர்கள் செடி போவதால் வருவது. நம்முடையதும் போகலாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதனால்தான் முதல் வருடம் யாருக்கும் பத்துச் சென்ட்டுக்கு மேல் கிடையாது. ஒரு ஏக்கர் போடுகிறேன் என்று வருபவரைத் தடுப்பதும் பயிற்சியாளர் வேலையே.

*நாற்று.* பத்துச் சென்ட் என்பது 4,356 சதுர அடி. பாருக்குப் பார் (செடி நடும் மேட்டு வரிசை) 4 அடி, செடிக்குச் செடி ஒன்றரை அடி விட்டால் 726 செடி. 98 குழி கொண்ட தட்டு எட்டு போட்டால் 784 நாற்று. செத்த செடிக்குப் பதில் நடவும் சேர்த்து அது போதும். தட்டுக்குச் சுமார் ஒன்றேகால் கிலோ மட்கிய தென்னை நார்க்கழிவு பிடிக்கும். குழிக்கு ஒரு விதை, அரை சென்டிமீட்டர் ஆழம். தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பாலிதீன் தாளால் மூடி வைத்து, முளை தெரிந்த உடனே பிரித்து நிழல்வலைக்குள் பரப்ப வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் நாற்று கம்பி போல நீண்டுவிடும். சுற்றிலும் பூச்சி நுழையாத வலை அவசியம். இலைச்சுருட்டு நச்சுயிரியை வெள்ளை ஈ நாற்றிலேயே ஏற்றிவிட்டால், பிறகு வயலில் என்ன மருந்து அடித்தும் பயனில்லை. நடுவதற்கு மூன்று நாள் முன்பிலிருந்து தண்ணீரைக் குறைத்துக்கொண்டே வந்தால் நாற்று திடமாகும்.

ரகத்தில் பெங்களூர் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக் இலைச்சுருட்டு, பாக்டீரியா வாடல், முன்கருகல் ஆகிய மூன்று நோய்களையும் தாங்கும் வகையில் உருவாக்கப்பட்டது. மார்க்கெட்டில் எந்தக் காய் எடுபடுகிறது என்று முதல் வகுப்பிலேயே பார்த்திருப்பார்கள். அதையும் வைத்து இரண்டு ரகத்தைத் தேர்ந்து மாதிரி வயலில் பாதிப் பாதி நடுங்கள்.

செண்டுமல்லியை மறந்துவிடக்கூடாது. காய்ப்புழுத் தாய்ப்பூச்சியைத் தன் பக்கம் இழுக்க 16 வரிசைத் தக்காளிக்கு ஒரு வரிசைச் செண்டுமல்லி என்பது கணக்கு. சதுரமான பத்துச் சென்ட்டில் பதினாறு பார்தான் வரும். ஆக, ஒரே வரிசை போதும். ஆனால் 25 நாள் தக்காளி நாற்றோடு 45 நாள் செண்டுமல்லி நாற்றை நட்டால்தான் இரண்டும் ஒரே சமயம் பூக்கும். அதாவது செண்டுமல்லி விதைப்பு ஜூலை கடைசி வாரமே. நாள்காட்டியில் இதையும் குறிக்க வையுங்கள், இல்லாவிட்டால் நிச்சயம் விட்டுப்போகும். வெள்ளை ஈக்குத் தடுப்பாக, வயலைச் சுற்றி இரண்டு வரிசை மக்காச்சோளம் நடவுக்கு முன்பே முளைத்து நிற்க வேண்டும்.

*மேட்டுப்பாத்தி.* மேல் அகலம் ஒன்றரை அடி, உயரம் ஓரடி. சரிவைப் பார்த்து, மழைநீர் நிற்காமல் ஓடும்படி வாய்க்கால் வெட்டி, கடைசியில் அது வயலுக்கு வெளியே எங்கே போகும் என்பதையும் தீர்மானியுங்கள். பலர் உள்ளே அழகாக வாய்க்கால் எடுத்துவிட்டு வரப்பை உடைக்க மறந்துவிடுகிறார்கள். பக்கத்து வயல்காரரோடு தண்ணீர் போகும் வழியைப் பேசி முடிப்பதும் இந்தப் படியிலேயே வரும். மழை கொட்டும் இரவில் அதைப் பேச முடியாது.

அடியுரமாகத் தொழுவுரம், வேப்பம்புண்ணாக்கு, சூடோமோனாஸ் (நோயைத் தடுக்கும் நன்மை பாக்டீரியா) கலந்த எரு. வீரிய ஒட்டு ரகத்துக்கு ஹெக்டேருக்கு 200:250:250 கிலோ தழை, மணி, சாம்பல் சத்து என்பது பல்கலைக்கழகப் பரிந்துரை. பத்துச் சென்ட்டுக்கு அது 8:10:10 கிலோ. மண் பரிசோதனை முடிவு கையில் இருந்தால் அதன்படி மாற்றிக்கொள்ளலாம். சொட்டுநீர்க் குழாயை இழுத்த பிறகு, வெள்ளிப் பக்கம் மேலே தெரியும்படி 25 மைக்ரான் நிலப்போர்வை, அதாவது பாத்தியை மூடும் பிளாஸ்டிக் தாள். நாலடி அகல ரோல் 400 மீட்டர் வரும். நமக்குத் தேவை 330 மீட்டர் சொச்சம். மீதியை நாற்றங்காலுக்கு வைத்துக்கொள்ளலாம்.

*நடவும் கட்டும்.* மாலையில் நடுங்கள். இருபதாம் நாளுக்குள் சவுக்குக் குச்சி நட்டுக் கம்பி இழுத்து, சணலில் செடியைத் தூக்கிக் கட்டிவிட வேண்டும். தரையிலிருந்து ஓரடி வரை இருக்கும் இலைகளையும் பக்கக் கிளைகளையும் கிள்ளிவிடுங்கள். மழைத்துளி மண்ணில் பட்டுத் தெறித்து அடி இலையில்தான் கருகல் முதலில் ஏறும். இங்கேதான் எதிர்ப்பு வரும். ‘ஏனுங்க, நல்லா இருக்கிற எலையப் போயிக் கிள்ளச் சொல்றீங்களே’ என்பார்கள். வாதம் பண்ண வேண்டாம். இரண்டு பாரை அவர் இஷ்டத்துக்கே விட்டுவிடுங்கள். ஐப்பசி முடிவில் அந்த இரண்டு பாரே பதில் சொல்லிவிடும்.

வாரம் ஒரு நாள், வயலில்

ஒரு நாள் கூட்டம் போட்டு எல்லாவற்றையும் சொல்லி, பொட்டலச் சாப்பாடு கொடுத்து அனுப்புவதால் ஒரு செடிகூடக் கூடுதலாகக் காய்க்காது. நடவிலிருந்து கடைசிப் பறிப்பு வரை வாரம் ஒருமுறை, அந்த வாரம் செய்ய வேண்டிய வேலையை மட்டும் கையால் செய்து பழகும் வயல்வெளிப் பள்ளி முறைதான் இதற்குச் சரி. உலக உணவு வேளாண் அமைப்பு 1989இல் இந்தோனேசியாவில் நெல்லுக்காகத் தொடங்கிய முறை அது. காய்கறிக்கு இன்னும் பொருந்தும், ஏனென்றால் காய்கறியில் வாரத்துக்கு வாரம் நிலைமை மாறும்.

ஒவ்வொரு வாரமும் நாலு நாலு பேராகப் பிரிந்து, குழுவுக்குப் பத்துச் செடி பார்க்க வேண்டும். இலையை மெதுவாகத் திருப்பி அடியில் எத்தனை வெள்ளை ஈ, எத்தனை முட்டை, தின்னும் பூச்சி எது, அதைத் தின்னும் பூச்சி எது என்று எண்ணுவது. இலையைச் சட்டென்று திருப்பினால் ஈ பறந்துவிடும், எண்ணிக்கை பொய்த்துவிடும். காலை வெயில் ஏறும் முன் பார்ப்பது நல்லது. பிறகு மர நிழலில் உட்கார்ந்து, பார்த்ததைச் சார்ட்டில் படமாக வரைவது. எழுதத் தெரியாதவர்கள் படம் வரைவதில் நம்மைத் தோற்கடித்துவிடுவார்கள். ஒரு பக்கம் கெடுதல் பூச்சி, மறுபக்கம் நன்மைப் பூச்சி, நடுவில் செடி. கடைசியில் ஒரே கேள்வி: இந்த வாரம் மருந்து அடிக்கலாமா, வேண்டாமா? முடிவை அவர்கள் எடுக்க வேண்டும், நீங்கள் காரணத்தை மட்டும் கேளுங்கள்.

பொறிவண்டின் குஞ்சைப் பார்த்து, இதுதான் இலையைத் தின்கிறது என்று நசுக்கப் போவார்கள். அதைப் பிடித்து, அசுவினிப் பூச்சி ஏறிய ஒரு இலையோடு கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, வாயைத் துணியால் கட்டி, ஒரு வீட்டில் வைத்துவிடுங்கள். மறுவாரம் அந்த வீட்டுக்காரர் எல்லோருக்கும் பாடம் எடுப்பார்.

மருந்து தேவைப்படும்போது மழுப்பாமல் சொல்லிக்கொடுங்கள். முன்கருகலுக்கு மேன்கோசெப் லிட்டருக்கு 2 கிராம். அடித்தபின் பறிக்கக் காத்திருக்கும் நாள் எத்தனை என்பதை டப்பாவின் மேல் அவர்களே படிக்க வேண்டும். கடைக்காரர் கொடுக்கும் மூன்று மருந்துக் கலவையை ஒன்றாகக் கரைத்து அடிக்கும் பழக்கத்தை உடைப்பதற்கே ஒரு வகுப்பு ஆகும். காயின் அடி கறுத்து அமுங்கிப்போவது நோய் அல்ல, சுண்ணாம்புச் சத்துக் குறைபாடும் நீர் ஏற்ற இறக்கமும் காரணம் என்பதைக் காட்டினால், தேவையில்லாத ஒரு மருந்துச் செலவு அன்றோடு நிற்கும்.

வாட்ஸ்அப் குழு வையுங்கள், ஆனால் எழுத்து வேண்டாம், குரல் பதிவு போதும். சந்தேகம் கேட்பவர் இலையின் அடிப்பக்கத்தையும் சேர்த்துப் படம் எடுத்து அனுப்ப வேண்டும் என்பதை மட்டும் கண்டிப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கு நோட்டு

இதில்தான் பல திட்டங்கள் சறுக்குகின்றன. வெளிச்செலவை எழுதுவார்கள், வீட்டு ஆட்களின் கூலியை எழுதமாட்டார்கள். இரண்டுக்கும் தனித்தனி பத்தி போடுங்கள். எடுத்துக்காட்டுக்கு: பத்துச் சென்ட்டுக்கு எல்லாம் சேர்த்து 18,000 ரூபாய் செலவு, மழையில் போனது போக 1,000 கிலோ காய் என்றால், வயலிலேயே கிலோ 18 ரூபாய் அடக்கம். 14 கிலோ பெட்டிக்கு 252 ரூபாய். இதன்மேல் கமிஷன், வண்டி வாடகை, ஏற்றுக்கூலி. ஏலத்தில் பெட்டி என்ன விலைக்குப் போனால் நட்டமில்லை என்ற எண் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பருவத்தில் எடுக்கும் விளைச்சலைவிட இந்த 1,000 கிலோ குறைவாகத்தான் இருக்கும் என்பதையும் நோட்டே காட்டிவிடும். விளைச்சலைப் பார்த்து மனம் விடுபவரை அந்த எண்தான் நிறுத்தி வைக்கும்.

மானியம்

சொட்டுநீருக்குத் தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீத மானியம் உண்டு. தாசில்தாரிடம் சிறு, குறு விவசாயி சான்று, சிட்டா, அடங்கல், நில வரைபடம், ஆதார், வங்கிப் புத்தக நகல் எல்லாம் விதைப்புக்குப் பல மாதம் முன்பே தயாராக வேண்டும். பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருப்பவர்கள் குழுவில் கட்டாயம் நாலு பேர் இருப்பார்கள். அவர்களுக்கு முதலில் அந்த வேலையைத் தொடங்கி வையுங்கள். நிழல்வலைக் குடில் மானியத்தை நம்பி முதல் பருவத்தைத் திட்டமிடாதீர்கள். ரெட்டியார்சத்திரத்தில் உள்ள காய்கறி மகத்துவ மையத்துக்கு ஒருமுறை கூட்டிப்போய் நாற்று உற்பத்தியைக் காட்டலாம், அது பயனுள்ளது. ஆனால் அங்குள்ள குடிலைப் பார்த்து ‘இது இருந்தாத்தான் முடியும்’ என்ற எண்ணத்தோடு திரும்பாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லோரும் ஒரே நாளில் நடக்கூடாது

இருபது பேருக்குச் சொல்லிக்கொடுத்து, இருபது பேரும் செப்டம்பர் 10 அன்று நட்டால், ஊருக்குள் நாமே ஒரு சீசனை உண்டாக்கிவிட்டோம் என்று அர்த்தம். பத்துச் சென்ட் வீதம் இரண்டு ஏக்கர் தக்காளி ஒரே வாரம் இறங்கினால் பெரிய மார்க்கெட் தாங்கும், பக்கத்து உழவர் சந்தை தாங்காது. அதனால் ஐந்து குடும்பம் வீதம் நாலு அணி, அணிக்கு அணி பத்து நாள் இடைவெளி. முதல் அணி யார் என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானியுங்கள். இல்லையென்றால் நல்ல தேதி உங்களுக்கு வேண்டியவருக்குப் போனதாகப் பேச்சு வரும், அதோடு குழு உடையும்.

அணி பிரித்ததில் இன்னொரு வசதியும் கிடைக்கும். வண்டி வாடகையைப் பங்கு போட்டுக்கொள்ளலாம், முதல் அணியின் செடியில் வரும் நோயைப் பார்த்துக் கடைசி அணி உஷாராகிவிடும்.

இரண்டாம் வருடம் நாற்றை எல்லோரும் தனித்தனியாக விட வேண்டியதில்லை. முதல் வருடம் யார் தட்டில் நாற்று சீராக வந்ததோ, அவரிடமே மொத்தக் குழுவுக்கும் விடச் சொல்லி நாற்றுக்கு விலை கொடுங்கள். பெரும்பாலும் அது ஒரு பெண்ணாகத்தான் இருக்கும். தேதி வரிசைப்படி நாற்றுக் கொடுக்கும் பொறுப்பு அவரிடம் இருந்தால், அணி மாறி நடும் குழப்பமும் வராது. கோடைத் தக்காளியை மூன்றாம் வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரவு வெப்பம் 22 டிகிரிக்கு மேல் நின்றாலே தக்காளியில் காய் பிடிப்பது குறையத் தொடங்கும், கத்திரி வெயிலில் பூ கொட்டும். நிழல்வலை, அதிகத் தண்ணீர், வெள்ளை ஈ என்று மூன்றையும் ஒருசேரச் சமாளிக்க வேண்டும். மழைக்காலத் தக்காளியில் இரண்டு முறை கணக்கு எழுதி முடித்தவர்களை மட்டும், அதுவும் ஐந்து சென்ட்டில், அதற்கு இறக்குங்கள்.